'நெவர்எண்டிங் ஸ்டோரி': படம் பாதியில் நிற்குது... மீதிக் கதையில்தான் விஷயமே இருக்கு!

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' மூன்றாவது சீசனின் கடைசி எபிசோடு நினைவிருக்கா? ஒரு பக்கம் ராட்சத ஜந்து பசங்களைத் துரத்துது. இன்னொரு பக்கம், ஒரே ஒரு எண் தெரிஞ்சாதான் பூமிக்கு அடியில இருக்கிற அந்தப் பெட்டகத்தைத் திறக்க முடியும். அந்த எண் டஸ்டினோட காதலி சூஸிக்குத் தெரியும். அவளோ, முதல்ல ஒரு பாட்டு பாடினாத்தான் சொல்லுவேன்னு ரேடியோவுல அடம்பிடிக்கிறா. உலகமே அழியப்போற நேரத்துல ரெண்டு பேரும் டூயட் பாடுவாங்க. 2019-ல் அந்த எபிசோடு வந்ததும், இளசுகள் பலர் அந்தப் பாட்டைத் தேடிப் போனாங்க.

அந்தப் பாட்டு, 1984-ல் வெளியான 'தி நெவர்எண்டிங் ஸ்டோரி' படத்தோட டைட்டில் சாங். ஸ்ட்ரேஞ்சர் திங்ஸின் மூன்றாவது சீசன் நடப்பது 1985 கோடையில். அப்போதைய பசங்க அந்தப் பாட்டை மனப்பாடமா வச்சிருந்ததுல ஆச்சர்யமே இல்லை.

பாட்டைக் கேட்டுட்டு அப்படியே படத்தையும் பார்த்தவங்க உங்கள்ல சிலர் இருப்பீங்க. ஒன்றரை மணி நேரப் படம். பறக்கும் டிராகன், பேசும் பாறை மனிதன், அழுகை வரவைக்கும் ஒரு குதிரை எல்லாம் இருக்கும். முடியும்போது மனசு லேசாகும். நானும் அந்த டிராகனுக்கு விழுந்தவன்தான். ஆனா, இந்தப் படத்தின் மூலக்கதையை எழுதினவர் அந்த டிராகனைப் பார்த்துக் கோபப்பட்டார். வழக்கே போட்டார். தன் பெயரைத் தொடக்க டைட்டில்ல இருந்து எடுக்க வைத்தார். ஏன்?

அதுக்கான பதில், படம் தொடாமல் விட்ட பாதிப் புத்தகத்தில் இருக்கு. அந்தப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. (ஸ்பாய்லர் அலர்ட்: படம், புத்தகம் ரெண்டோட முடிவும் இங்கே வரும்!)

படத்தின் கதை என்ன?

பாஸ்டியன் ஒரு பள்ளிச் சிறுவன். அம்மா இறந்துட்டாங்க. பள்ளியில் மூணு பசங்க அவனைத் தினமும் துரத்துறாங்க. அவங்ககிட்ட இருந்து தப்பி ஒரு பழைய புத்தகக் கடைக்குள் நுழையிறான். அங்கே கடைக்காரர் படிச்சிக்கிட்டிருக்கும் ஒரு விநோதமான புத்தகத்தை எடுத்துக்கிட்டு ஓடி, பள்ளியின் பரண் அறையில் ஒளிஞ்சு உட்கார்ந்து படிக்கிறான்.

புத்தகத்துக்குள் ஃபான்டேசியா என்ற கற்பனை உலகம். அதை 'தி நத்திங்' என்கிற வெறுமை கொஞ்சம் கொஞ்சமா விழுங்குது. அந்த உலகத்தின் குழந்தை அரசியும் நோயில் விழுந்துட்டாள். அவளைக் காப்பாற்ற வழி தேடி அட்ரேயு என்ற வீரச் சிறுவன் புறப்படுறான். அவன் கழுத்தில் 'ஆரின்' என்ற பதக்கம். ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கும் ரெண்டு பாம்புகள்தான் அதோட சின்னம். வழியில் ஃபால்கோர் என்ற அதிர்ஷ்ட டிராகன் துணைக்கு வருது.

கடைசியில் தெரியவரும் விஷயம் இதுதான்: அரசிக்கு ஒரு புதிய பெயர் வேணும். அதைச் சூட்ட, ஃபான்டேசியாவுக்கு வெளியே இருக்கும் ஒரு மனிதக் குழந்தையால்தான் முடியும். அதாவது, படிச்சிக்கிட்டிருக்கிற பாஸ்டியனால். புயலில் ஜன்னலைத் திறந்து, இறந்துபோன அம்மாவின் பெயரையே அவன் கத்துறான். (என்ன பெயர்னு முதல்முறை பார்க்கும் பலருக்கும் காதில் விழாது. சப்டைட்டில் ஆன் பண்ணிக்கோங்க.) ஃபான்டேசியா பிழைக்குது. பாஸ்டியன் ஃபால்கோர் மேல ஏறிப் பறக்குறான். அதே டிராகன்ல நம்ம உலகத்துக்கே வந்து, தன்னைத் துரத்தின பசங்களைத் துரத்துறான். அவங்க குப்பைத் தொட்டிக்குள் போய் விழுறாங்க. சுபம்.

ஷூ டப்பாவில் இருந்து வந்த கதை

மூலப் புத்தகத்தை எழுதியவர் ஜெர்மனியைச் சேர்ந்த மைக்கேல் எண்டே. 1929-ல் பிறந்தவர். அப்பா எட்கர் எண்டே, சர்ரியலிச ஓவியர். 1960-ல் வந்த 'ஜிம் பட்டன்', 1973-ல் வந்த 'மோமோ' இரண்டும் எண்டேவை ஜெர்மானியக் குழந்தைகளின் செல்லமான எழுத்தாளர் ஆக்கிவிட்டன. அப்போது அவர் இத்தாலியில், ரோம் நகருக்குப் பக்கத்தில் வசித்துவந்தார்.

1977-ல் அவருடைய பதிப்பாளர் வீட்டுக்கு வந்து, அடுத்த புத்தகம் எப்போன்னு கேட்டார். எண்டே தனக்குத் தோன்றும் யோசனைகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி ஒரு ஷூ டப்பாவில் போட்டுவைக்கும் பழக்கம் உள்ளவர். அந்த டப்பாவைத் துழாவியதில் ஒரு சீட்டு கிடைத்தது. ஒரு சிறுவன் புத்தகம் படிக்கிறான், நிஜமாகவே அந்தக் கதைக்குள் போய்விடுகிறான், திரும்பி வரப் படாதபாடு படுகிறான். இவ்வளவுதான் அதிலிருந்த யோசனை. நூறு பக்கத்தில் முடிஞ்சிடும்னு நினைச்சு உட்கார்ந்தவருக்கு, புத்தகம் முடிய ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆச்சு.

காரணம் சுவாரஸ்யமானது. பாஸ்டியனைக் கதைக்குள் அனுப்பியாச்சு. எப்படி வெளியே கொண்டுவர்றதுன்னு எழுதினவருக்கே தெரியலை! பதிப்பகம் காத்திருந்தது. எண்டே வழி தேடிக்கிட்டே இருந்தார். கடைசியில் பிடிபட்டது: வெளியே போகும் வாசல் வேறெங்கேயும் இல்லை, பாஸ்டியன் கழுத்தில் தொங்கும் ஆரின் பதக்கம்தான் அந்த வாசல். அவன் அதைக் கழற்றி வைக்கணும், அவ்வளவுதான். அதைக் கழற்றத்தான் அவனுக்கு மனசு வரணும்.

1979-ல் வெளியான புத்தகமே பார்க்க ஒரு கலைப்பொருள் மாதிரி இருந்தது. பாஸ்டியனின் நிஜ உலகம் சிவப்பு மையில், கற்பனை உலகம் பச்சை மையில் அச்சாகியிருந்தது. மொத்தம் 26 அத்தியாயங்கள். முதல் அத்தியாயம் 'ஏ'-யில் தொடங்கும், அடுத்தது 'பி'-யில், இப்படியே 'இசட்' வரை. பாஸ்டியன் கடையில் எடுக்கும் புத்தகமும் இதே இரண்டு நிறத்தில், அட்டையில் இதே இரண்டு பாம்புகளோடு இருக்கும். அதாவது, அவன் கையில் இருக்கும் புத்தகமும் நம்ம கையில் இருக்கும் புத்தகமும் ஒண்ணுதான்! இதுவரை 40-க்கும் மேற்பட்ட மொழிகளில் இந்நூல் வந்திருக்கு.

கம்ப்யூட்டர் இல்லாமல் கட்டிய உலகம்

இப்படி ஒரு புத்தகத்தைப் படமாக்கத் துணிந்தவர் வுல்ஃப்கேங் பீட்டர்சன். 1981-ல் வந்த 'தாஸ் பூட்' என்ற நீர்மூழ்கிக் கப்பல் படத்தால் உலகப் புகழ் பெற்றவர். பின்னாளில் ஹாலிவுட் போய் 'ஏர்ஃபோர்ஸ் ஒன்', 'ட்ராய்' எடுத்த அதே பீட்டர்சன்தான். ஜெர்மானியப் படம் என்றாலும், உலகச் சந்தைக்காக ஆங்கிலத்தில் எடுத்தார்கள். செலவு சுமார் 6 கோடி ஜெர்மன் மார்க். அதுவரை ஜெர்மனியில் தயாரான படங்களிலேயே அதிகம்.

மியூனிக் அருகில் இருக்கும் பவேரியா ஸ்டூடியோவில்தான் பெரும்பாலான படப்பிடிப்பு. சதுப்பு நிலம், தந்தக் கோபுரம், ஆமை மலை எல்லாம் செட், மினியேச்சர், பெயின்ட்டிங். அட்ரேயு கடற்கரையில் விழுந்து கிடக்கும் காட்சி, ஸ்பெயினின் அல்மேரியாப் பகுதிக் கடற்கரை. பசங்க குப்பைத் தொட்டியில் விழும் சந்து, கனடாவின் வான்கூவர். விஷுவல் எஃபெக்ட்ஸ் பொறுப்பில் 'ஏலியன்', 'எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படங்களில் வேலை செய்த பிரையன் ஜான்சன்.

ஃபால்கோர் ஒரு பிரமாண்டமான இயந்திரப் பொம்மை. உள்ளே இரும்புச் சட்டம், வெளியே செதிலும் ரோமமும். கண், உதடு, புருவம் ஒவ்வொன்றையும் அசைக்கத் தனித்தனி ஆட்கள் வேண்டியிருந்தது. புத்தகத்தில் வரும் டிராகன் முத்துப் போல மின்னும் செதிலும், மாணிக்கச் சிவப்புக் கண்ணும், சிங்கம் மாதிரி தலையும் கொண்ட கம்பீரமான விலங்கு. படத்தில் வருவது காதைச் சொறிந்துவிட்டால் சொக்கிப்போகும் பெரிய நாய்க்குட்டி! எண்டேவுக்கு இது பிடிக்கலை. நமக்கோ இதுதான் பிடிச்சுது. அந்தப் பொம்மை மேல ஏறி உட்கார்ந்து பறக்குற மாதிரி போட்டோ எடுத்துக்க, ரசிகர்கள் பல வருஷமா பவேரியா ஸ்டூடியோவுக்குப் போய்க்கிட்டே இருக்காங்க.

பாட்டுக்கும் ஒரு கதை உண்டு. ஜெர்மனியில் வெளியான பதிப்பில் இந்தப் பாட்டே கிடையாது! அதில் முழுக்க கிளாஸ் டோல்டிங்கரின் ஆர்கெஸ்ட்ரா இசை. சர்வதேசப் பதிப்புக்காகத்தான் ஜியார்ஜியோ மொரோடரின் சிந்தசைசர் இசையைச் சேர்த்தார்கள். டைட்டில் பாட்டைப் பாடிய லிமால், தன் குடும்பப் பெயரான 'ஹாமில்' என்பதன் ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றிப்போட்டுத் தனக்கு மேடைப்பெயர் வச்சிக்கிட்டவர்.

குதிரைக் காட்சி: படம் ஜெயிக்கும் இடம்

படத்தைத் திட்டுறதுக்கு முன்னாடி, அது ஜெயிக்கும் இடங்களைச் சொல்லிடணும். முதல் இடம், எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

சோகத்தின் சதுப்பு நிலத்தை அட்ரேயு கடக்கணும். மனசில் சோகம் புகுந்தால் சேறு உள்ளே இழுத்துக்கும். அவனுடைய வெள்ளைக் குதிரை ஆர்டாக்ஸ் பாதியில் நின்னுடுது. அசையலை. மெல்ல மெல்லப் புதையுது.

புத்தகத்தில் ஆர்டாக்ஸ் பேசும் குதிரை. தன்னால் இந்தச் சோகத்தைத் தாங்க முடியலைன்னு அதுவே சொல்லும். தன்னை விட்டுட்டுப் போகச் சொல்லும். தான் சாவதைப் பார்க்க வேண்டாம்னு கேட்டுக்கும். அட்ரேயுவும் திரும்பி நடப்பான். படத்தில் குதிரை ஒரு வார்த்தை பேசாது. பேசாத ஒரு ஜீவன் ஏன் நகர மாட்டேங்குதுன்னு புரியாம, ஒரு சின்னப் பையன் கடிவாளத்தைப் பிடிச்சு இழுக்கிறான், கெஞ்சுறான், திட்டுறான், அழுறான். அடுத்த ஷாட்டில் அவன் மட்டும் தனியா நிக்கிறான்.

மனச்சோர்வில் இருக்கும் ஒருத்தரைப் பக்கத்துல இருந்து பார்த்தவங்களுக்கு இந்தக் காட்சி வேற மாதிரி புரியும். எழுந்திரு, தைரியமா இரு, எனக்காக வான்னு எவ்வளவு சொன்னாலும் சில நேரம் எதுவும் உள்ளே போகாது. குதிரையைப் பேசவிடாமல் செய்தது பீட்டர்சன் எடுத்த மிகச் சரியான முடிவு. (படப்பிடிப்பில் குதிரை நிஜமாகவே இறந்துபோச்சுன்னு ஒரு வதந்தி பல வருஷமா சுத்துது. அது உண்மையில்லை. அட்ரேயுவாக நடித்த நோவா ஹாத்அவே அதைப் பலமுறை மறுத்திருக்கார்.)

இன்னொரு இடம், பாறை மனிதன். வெறுமை வந்தபோது நண்பர்களைப் பிடிச்சு நிறுத்த முடியாம விட்டவன். தன்னோட பெரிய கைகளையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பான். இவ்வளவு பலம் இருந்தும் என்ன பிரயோஜனம் என்ற கேள்வி அந்த முகத்தில் இருக்கும். இந்தக் காட்சி புத்தகத்தில் இல்லை. படம் தானா கண்டுபிடிச்சது. குழந்தைகள் படத்தில் இழப்பை இவ்வளவு நேரடியாகக் காட்டியது அபூர்வம்.

படம் தொடாத பாதி

இப்போ விஷயத்துக்கு வருவோம். 26 அத்தியாயங்களில், பாஸ்டியன் அரசிக்குப் பெயர் சூட்டி ஃபான்டேசியாவுக்குள் நுழைவது 12-வது அத்தியாயத்தின் முடிவில். படம் ஏறக்குறைய அங்கேயே முடிஞ்சிடுது. மீதி 14 அத்தியாயங்கள் படத்தில் இல்லை.

அந்த 14 அத்தியாயங்களில் என்ன நடக்குது?

அரசி, ஆரின் பதக்கத்தை பாஸ்டியனிடம் கொடுத்துவிடுகிறாள். இனி அவன் எதை விரும்பினாலும் நடக்கும். புத்தகத்தில் வரும் பாஸ்டியன் குண்டான, கால்கள் வளைந்த, எல்லாரும் கேலி செய்யும் பையன். முதல் வேலையாக அழகானவன் ஆகிறான். பிறகு பலசாலி. பிறகு தைரியசாலி. பிறகு ஊரே கொண்டாடும் கதைசொல்லி.

யாரும் அவனுக்குச் சொல்லாத ஒரு விலை அதில் இருக்கு. ஒவ்வொரு ஆசை நிறைவேறும்போதும் நிஜ உலகத்தைப் பற்றிய ஒரு ஞாபகம் அழிஞ்சிடும். அழகானதும், தான் குண்டாக இருந்தோம் என்பதே மறந்துபோகுது. அது அழிஞ்சதே அவனுக்குத் தெரியாது. மறந்தது மறந்துபோச்சுன்னு எப்படித் தெரியும்?

நல்லது செய்யப் போயும் சொதப்புறான். அசிங்கமான தோற்றத்தால் வெட்கப்பட்டு ஓயாமல் அழும் புழுக்கள் ஒரு பக்கம். அவற்றின் கண்ணீரில் வரும் வெள்ளியை வைத்துக் கட்டிய அழகான நகரம் இன்னொரு பக்கம். இரக்கப்பட்டு அந்தப் புழுக்களை எப்பவும் சிரிக்கும் வண்ணத்துப்பூச்சிகளா மாத்துறான். அப்புறம் அவற்றுக்கு எதுலயும் அர்த்தமே இல்லாமல் போய், திரும்பி வந்து அவனையே தொந்தரவு செய்யுதுங்க.

ஸாயிடே என்ற மந்திரக்காரி வந்து சேர்றா. அவளோட ஆயுதம் முகஸ்துதி. நீ பெரிய ஆள், உனக்கு எதுக்கு அடுத்தவன் புத்திமதி... கேட்கக் கேட்க பாஸ்டியன் மாறிப்போறான். நீ உன்னையே மறந்துக்கிட்டிருக்கேன்னு எச்சரிச்ச அட்ரேயுவைத் துரத்துறான். பேரரசனாக முடிசூட்டிக்கொள்ளப் பார்க்கிறான். அதனால் போர் வருது. தான் ரசிச்சு ரசிச்சுப் படிச்ச அதே ஹீரோ அட்ரேயுவின் நெஞ்சில் தன் வாளாலேயே வெட்டுறான்.

படத்தில் குழந்தைகள் கைதட்டின அந்தப் பையன்தான், புத்தகத்தில் கிட்டத்தட்ட வில்லன்!

அடுத்து அவன் போய்ச் சேருவது பழைய பேரரசர்களின் நகரம். எனக்கு இந்தப் புத்தகத்திலேயே மிகப் பயங்கரமான இடம் அதுதான். ரத்தம் இல்லை, பேய் இல்லை. பாஸ்டியனுக்கு முன்னாடி ஃபான்டேசியாவுக்கு வந்து, ஆசைகளிலேயே எல்லா ஞாபகத்தையும் செலவழிச்சிட்டு, திரும்பிப் போக முடியாமல் மாட்டிக்கிட்ட மனிதர்கள் அங்கே இருக்காங்க. ஞாபகம் தீர்ந்துபோனதால் இனி ஆசைப்படவும் முடியாது. எழுத்துகள் பதித்த பகடைகளை உருட்டிக்கிட்டே இருக்காங்க. கண்டபடி எழுத்துகள் வந்து விழும், அர்த்தம் வராது. என்றைக்காவது தற்செயலாக ஒரு வார்த்தை அமையும். மறுபடி உருட்டல்.

இதை எண்டே எழுதினது 1979-ல். அப்போ ஸ்மார்ட்போன் கிடையாது, ரீல்ஸ் கிடையாது. ராத்திரி ரெண்டு மணிக்கு எதுக்குன்னே தெரியாம விரல் மட்டும் நகர்ந்துக்கிட்டிருக்கும்போது எனக்கு அந்தப் பகடைகள்தான் ஞாபகம் வரும்.

திரும்பி வரும் வழி

அந்த நகரத்தைப் பார்த்த பிறகுதான் பாஸ்டியனுக்கு உறைக்குது. மிச்சமிருக்கும் ஞாபகங்கள் கொஞ்சம்தான். அவற்றை வைத்து வீட்டுக்குத் திரும்பும் ஆசையைக் கண்டுபிடிக்கணும். கடைசியில் அவனுக்கு மிஞ்சும் ஆசை, அன்பு செலுத்தத் தெரியணும் என்பது. அந்த ஆசை அப்பா அம்மாவின் ஞாபகத்தையும் எடுத்துக்கொள்கிறது. இப்போ அவனிடம் இருப்பது அவன் பெயர் மட்டும்.

பனிக்கு நடுவே ஒரு சுரங்கம். மனிதர்கள் கண்டு மறந்த கனவுகள் மெல்லிய படங்களாக அடியில் புதைஞ்சு கிடக்கு. பார்வையில்லாத ஒரு கிழவரிடம் வேலைக்குச் சேர்ந்து, நாள் கணக்காகத் தோண்டுறான். ஒருநாள் ஒரு படம் கிடைக்குது. வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு மனிதர், கையில் பல்லின் அச்சு, பனிக்கட்டிக்குள் உறைந்துபோய் நிற்கிறார். அவர் யாருன்னே பாஸ்டியனுக்குத் தெரியலை. ஆனாலும் அவரைப் பார்த்ததும் ஏங்குறான். அந்த ஏக்கத்துக்கு விலையாக அவன் பெயரும் போயிடுது.

அந்த மனிதர் அவன் அப்பா. பல் செட் செய்யும் தொழில். மனைவி இறந்ததிலிருந்து உறைந்துபோனவர். படத்தில் வரும் அப்பா, பகல் கனவு காணாதேன்னு காலைச் சாப்பாட்டின்போது புத்தி சொல்வார். புத்தகத்தில் வரும் அப்பா அதுகூடச் சொல்ல மாட்டார். பையன் ஃபெயிலாகி வந்தாலும் திட்ட மாட்டார். பக்கத்தில் இருந்தும் இல்லாதவர். பாஸ்டியனின் உண்மையான காயம் துரத்தும் பசங்க இல்லை, இந்த மௌனம்தான்.

கடைசியில் பாஸ்டியன் ஆரினைக் கழற்றி அட்ரேயு முன்னால் வைக்கிறான். பதக்கமே வாசலாக விரியுது. உள்ளே ஜீவ நீரூற்று. பெயரையே மறந்தவனுக்காகப் பேசுவது யார்? அவன் வெட்டின அதே அட்ரேயு! பாஸ்டியன் தொடங்கி முடிக்காமல் விட்ட கதைகள் அத்தனையையும் தான் முடிச்சுவைப்பதாக அட்ரேயு பொறுப்பேற்ற பிறகுதான் வழி திறக்குது. பாஸ்டியன் ஒரு கை நீரை அப்பாவுக்காக எடுத்துக்கிட்டு வர்றான். வீடு வந்து சேரும்போது கையில் நீர் இல்லை. நடந்தது எல்லாத்தையும் அப்பாவிடம் சொல்றான். கேட்டுக்கொண்டிருந்த அப்பாவின் கண்ணில் கண்ணீர் வருது. உறைந்திருந்த மனிதர் உருகிட்டார்.

இப்போ படத்தின் முடிவை யோசிச்சுப் பாருங்க. காலைச் சாப்பாட்டுக் காட்சிக்குப் பிறகு அந்த அப்பா படத்தில் திரும்ப வரவே மாட்டார்.

எண்டே ஏன் கோர்ட்டுக்குப் போனார்?

தொடக்கத்தில் எண்டே படத்துக்கு உடன்பட்டவர்தான். திரைக்கதை வேலையிலும் யோசனை சொன்னார். பிறகு அவருக்குத் தெரியாமல் கதை மாறிக்கிட்டே போச்சுன்னு அவர் சொன்னார். மாற்றங்களை நிறுத்துங்க, இல்லைன்னா தலைப்பையாவது மாத்துங்கன்னு கேட்டார். நடக்கலை. வழக்குப் போட்டார், தோற்றார். வணிகத்துக்காகச் செய்த மலிவான சரக்கு என்ற ரீதியில் படத்தைக் கடுமையாகச் சாடினார்.

எழுத்தாளர்கள் படத்தைத் திட்டுறது வழக்கம்தானே, ஈகோவாக இருக்கும்னு தோணலாம். ஆனா எண்டே சினிமாவுக்கு எதிரி இல்லை. 1986-ல் 'மோமோ' படமானபோது அதில் அவரே சின்ன வேடத்தில் நடித்தார்.

இந்தப் படத்தில் அவரைக் கொதிக்க வைத்தது எதுன்னு புரிஞ்சுக்க, புத்தகத்தில் வரும் ஒரு விதி போதும். க்மோர்க் என்ற ஓநாய் அட்ரேயுவிடம் ஒரு ரகசியம் சொல்லும். ஃபான்டேசியாவின் உயிர்கள் வெறுமைக்குள் விழுந்து மனிதர்களின் உலகத்துக்கு வந்தால், அங்கே அவை பொய்களாக மாறிடும். மனிதர்களை ஏமாற்றவும் ஆட்டிவைக்கவும் பயன்படும். கற்பனை அதன் இடத்தில் இருந்தால் மருந்து, இடம் மாறினால் பொய். புத்தகத்தின் முதுகெலும்பே இதுதான்.

படத்தின் கடைசியில் ஃபால்கோர் எங்கே பறக்குது? நம்ம உலகத்தின் தெருவில்! எதுக்கு? மூணு பசங்களைப் பழிவாங்க. புத்தகம் எதை எச்சரிக்கிறதோ, அதையே படம் சுப முடிவாக்கிடுச்சு. எண்டேவின் கோபம் டிராகனின் நாய் முகத்தோடு முடியாததற்குக் காரணம் இதுதான்னு நான் நினைக்கிறேன்.

ரசிகன் எந்தப் பக்கம்?

நான் ரெண்டு பக்கமும் நிற்கிறேன். கொஞ்சம் விளக்குறேன்.

பத்து வயசுப் பையனுக்கு அந்தக் கடைசிக் காட்சி தேவை. தினமும் அடிவாங்குறவனுக்கு ஒருநாளாவது டிராகன் மேல உட்காரணும். அதைக் கொடுத்ததுக்காகப் படத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 90 நிமிஷத்துல 26 அத்தியாயத்தை அடைக்க முடியாது என்பதும் நியாயம்தான். முதல் பாதியோடு நிறுத்தினதில்கூடத் தப்பு இல்லை.

ஆனா இருபது வயசுல அந்த முடிவு போதலை. கதைக்குள் போறது சுலபம். கேம், சீரிஸ், ஃபேண்டம் எதுவாக இருந்தாலும் உள்ளே போகும் கதவு எப்பவும் திறந்துதான் இருக்கு. உள்ளே இருக்கும்போது நாம அழகு, நாம பலசாலி. எந்த ஞாபகத்தைக் கொடுத்து அதை வாங்கினோம்? வெளியே வரும்போது கையில் என்ன கொண்டுவந்தோம்? யாருக்காக? எழுதினவரே ரெண்டு வருஷம் திணறிய கேள்வி இது. படம் அந்தக் கேள்வியைக் கேட்காமலேயே முடிஞ்சிடுது.

எண்டே கற்பனையை விட்டு ஓடச் சொல்லலை, கவனிங்க. போகாதவங்களால ரெண்டு உலகமும் வாடும். போய்ட்டுத் திரும்பாதவங்க பகடை உருட்டுவாங்க. போய்ட்டுத் திரும்பி வர்றவங்களாலதான் ரெண்டு உலகமும் நலமாகும். ஃபேன்டஸி படிக்கிறதே டைம் வேஸ்ட்னு சொல்றவங்களுக்கும், அதிலேயே மூழ்கிக் கிடக்கிறவங்களுக்கும் சேர்த்து ஒரே பதில்!

எந்த வரிசையில் பார்க்கலாம், படிக்கலாம்?

முதலில் படம். 1984 படத்தையே பாருங்க. நேரம் சுமார் 94 நிமிடம். ஜெர்மன் பதிப்பு கொஞ்சம் நீளம், இசையும் வேறு. கிடைத்தால் அதையும் பாருங்க, ஒரே படம் எவ்வளவு அமைதியாக மாறுதுன்னு தெரியும்.

அடுத்து புத்தகம். ஆங்கிலத்தில் ரால்ஃப் மான்ஹைம் மொழிபெயர்ப்பு இருக்கு. இரண்டு நிற மையில் அச்சான பதிப்பாகத் தேடி வாங்குங்க. சில பேப்பர்பேக்குகளில் நிறத்துக்குப் பதில் ஒரு உலகத்துக்கு மட்டும் சாய்வெழுத்து போட்டிருப்பாங்க. படம் பார்த்துட்டோமேன்னு முதல் 12 அத்தியாயங்களைத் தாண்டிடாதீங்க. 12-வது அத்தியாயத்தில் வரும் முதியவர் ஒருத்தர், நடப்பதையெல்லாம் எழுதிக்கிட்டே இருப்பார். அரசி அவரைக் கதையை முதலில் இருந்து படிக்கச் சொல்வாள். அவர் படிக்க, கதை அதே இடத்துக்கு வந்து நிற்க, மறுபடி முதலில் இருந்து... பாஸ்டியன் வாய் திறக்கும் வரை சுழன்றுகொண்டே இருக்கும். 'முடிவில்லாக் கதை' என்ற தலைப்பின் முழு அர்த்தமும் அங்கே புரியும். படத்தில் இந்தக் காட்சி இல்லை.

அடுத்த பாகங்கள் வேணுமா? 1990-ல் வந்த இரண்டாம் பாகத்தில் ஸாயிடே வர்றா, ஆசைக்கு விலை ஞாபகம் என்ற யோசனையும் இருக்கு. ஆனா அதை அவள் செய்யும் இயந்திரச் சதியாக மாத்திட்டாங்க. புத்தகத்தில் பாஸ்டியனை அப்படிச் சதி செய்து யாரும் கெடுக்கலை. அவன் ஆசைகள்தான். அந்த ஒரு மாற்றத்திலேயே பயம் போயிடுது. 1994-ல் வந்த மூன்றாம் பாகத்தில் இளம் ஜாக் பிளாக் நடிச்சிருக்கார். அதைப் பார்க்க வேற காரணம் எனக்குத் தெரியலை.

மறுபடியும் வருது!

எண்டே 1995-ல் காலமானார். பீட்டர்சன் 2022-ல். அரசியாக வந்த டாமி ஸ்ட்ரோனாக் நடனக் கலைஞர் ஆனார். பாஸ்டியனாக நடித்த பாரெட் ஆலிவர், 19-ம் நூற்றாண்டு முறைப் புகைப்படக் கலையில் இறங்கிவிட்டார்.

2024-ல் ஒரு அறிவிப்பு வந்தது. இந்தப் புத்தகத்தை வைத்துப் புதிதாகத் தொடர் படங்கள் எடுக்கப் போவதாகச் சொல்லியிருக்காங்க. ஒரு படத்தோடு நிறுத்தாமல் பல படங்கள் என்பதுதான் இதில் நல்ல செய்தி. இன்றைய கிராஃபிக்ஸில் ஃபால்கோரின் ஒவ்வொரு செதிலையும் மின்ன வைக்கலாம். அது எனக்கு ரெண்டாம்பட்சம்தான். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு அப்பா, மகன் சொல்லும் கதையைக் கேட்டு அழும் காட்சி வருமா? அதுக்காகத்தான் நான் டிக்கெட் எடுப்பேன்.

அதுவரைக்கும் புத்தகம் இருக்கு மக்களே. படம் முடிஞ்ச இடம் தெரியும்தானே? 13-வது அத்தியாயத்தில் இருந்து பாஸ்டியனுக்கு என்ன ஆச்சுன்னு நீங்களே போய்ப் பார்த்துட்டு, பத்திரமா வீடு வந்து சேருங்க!